பரிசல்காரருக்கு அகராதியில் ஓர் இடம் வேண்டும்

தமிழ் அகராதி தொகுக்கும் அறிஞர்களுக்கும், பள்ளிப் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பென்னாகரம் வட்டாரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் அப்பா ஊட்டமலைக்காரர். ஒகேனக்கல்லில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பரிசல் ஓட்டினார். தோள்பட்டை வலி வந்து இப்போது வீட்டில் இருக்கிறார். இந்த மடலை எழுதச் சொன்னவர் அவர் இல்லை. என் வகுப்பில் படித்த ஒரு பையன்தான் காரணம்.

போன ஆண்டு அவன் பொது அறிவுப் போட்டித் தேர்வு ஒன்று எழுதினான். அதில் ஒரு படம். வட்டமான பரிசல், அதில் துடுப்போடு ஒருவர். 'படத்தில் இருப்பவர் யார்?' என்று கேள்வி. பையன் 'பரிசல்காரர்' என்று எழுதியிருந்தான். திருத்தியவர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மேலே 'படகோட்டி' என்று எழுதி, மதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டார். தாளைக் கையில் வைத்துக்கொண்டு பையன் என்னிடம் வந்து கேட்டான்: "டீச்சர், எங்கப்பா படகு ஓட்டறதே இல்லையே?"

திருத்தியவர் மீது எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. அவருக்குக் கொடுத்த விடைக்குறிப்பில் அப்படித்தான் இருந்திருக்கும். அன்று மாலை பள்ளியில் இருந்த அகராதியை எடுத்துப் பார்த்தேன். படகு இருந்தது, படகோட்டியும் இருந்தார். ஓடம் இருந்தது, ஓடக்காரனும் இருந்தான். பரிசல் என்ற சொல்லும் இருந்தது. மூங்கிலால் பின்னிய வட்டமான ஓடம் என்று ஒரே வரியில் பொருள். அதை ஓட்டுகிற ஆள் மட்டும் இல்லை. தாளில் அடிபட்ட அந்தச் சொல்லுக்கு ஆதாரம் காட்ட என் கையில் எதுவும் இல்லாமல் போனது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

படகோட்டி என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். படகுக்கு முன்புறம், பின்புறம் உண்டு. முன்னால் கூர்மையாக இருக்கும். அது போகும் திசையைப் பார்த்த உடனே சொல்லிவிடலாம். பரிசலுக்கு அது கிடையாது. எல்லாப் பக்கமும் ஒன்றுதான். சும்மா விட்டால் தண்ணீரில் தானாகச் சுற்றும். அதற்கு முன்பக்கம் எது என்பதைத் துடுப்புப் போடுகிறவர்தான் ஒவ்வொரு நொடியும் முடிவு செய்கிறார். அவர் உட்கார்ந்து நீர் வலிக்கிற பக்கமே முன்பக்கம். அவர் கை நின்றால் பரிசலுக்குத் திசையே இல்லை. படகு ஓட்டத் தெரிந்தவரைப் பரிசலில் உட்காரவைத்தால் ஒரே இடத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருப்பார். நான் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். கைப்பழக்கம் வேறு, வேலை வேறு. வேலை வேறென்றால் பெயரும் வேறாகத்தானே இருக்க வேண்டும்?

சொல்லப்போனால் 'ஓட்டி' என்பதே பரிசலுக்கு முழுதாகப் பொருந்துகிறதா என்று எனக்கு ஒரு கேள்வி உண்டு. மாடு ஓட்டுகிறவர் பின்னால் இருந்து ஓட்டுகிறார். ஏர் ஓட்டுவதும் அப்படித்தான். என் அப்பா பரிசலின் முன்விளிம்பை ஒட்டி உட்கார்ந்து, துடுப்பை எட்டிப் போட்டு, தண்ணீரைத் தன் பக்கம் வாங்குவார். பரிசல் அவர் பின்னால் வரும். இழுப்பது என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். படகு வலித்தல், துடுப்பு வலித்தல் என்று பழைய தமிழ் சொல்கிறதே, அந்த 'வலித்தல்' என்பதற்கு இழுத்தல் என்றுதான் பொருள். வலி வந்த தோளைத் தடவிக்கொண்டு அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது ஒரே சொல் இரண்டு பொருளிலும் அவர் உடம்பில் இருப்பதாக எனக்குத் தோன்றும். அவர் பேச்சில் 'ஓட்டறேன்' என்பதைவிட 'துடுப்புப் போடறேன்' என்பதுதான் அதிகம் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆற்றோட்டத்தோடு கீழே வந்த பரிசல் மேலே போவது எப்படி? வேகமான நீரில் எதிர்த்துப் போக முடியாது. பரிசலைத் தூக்கித் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு பாறை வழியாக நடப்பார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் ஆள் தெரியாது, இரண்டு கால்கள் மட்டும் தெரியும். சின்ன வயதில் அந்தக் கால்களைப் பார்த்தே எது அப்பா என்று கண்டுபிடிப்பேன். அந்த நடை இல்லாமல் அடுத்த சவாரி இல்லை. 'படகோட்டி' என்ற சொல்லில் அந்த நடைக்கு இடமே இல்லை. எந்தப் படகோட்டி தன் படகைத் தலையில் சுமந்துகொண்டு போகிறார்?

பரிசல் கட்டுவதும் பெரும்பாலும் அவர்கள் கைதான். மூங்கிலைப் பிளாச்சாகக் கிழித்து, கூடை போலப் பின்னி, அடிப்பக்கத்தைப் போர்த்துவார்கள். முன்காலத்தில் தோல் போர்த்தினார்கள். என் நினைவு தெரிந்த நாளில் இருந்து பிளாஸ்டிக் தாளும் தாரும்தான். தார் காய்ச்சுகிற வாசனை வந்தால் எங்கள் தெருவில் யாரோ புதுப் பரிசல் கட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

அப்புறம், இந்த மண்ணுக்கே உரிய ஒரு செய்தி. தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். ஔவையார் அவன் வாயிலில் நின்று பாடிய புறநானூற்றுப் பாட்டு உங்களுக்குத் தெரியாததில்லை. அதில் 'பரிசில் வாழ்க்கைப் பரிசிலர்' என்று வருகிறது. பரிசில் என்றால் புலவர்க்குக் கொடுக்கும் கொடை. அதை நாடி வருகிறவர் பரிசிலர். அதே 'பரிசில்' என்ற சொல்லுக்குப் பரிசல் என்ற பொருளையும் அகராதிகள் தருகின்றன. கொடையான பரிசிலுக்கு ஓர் ஆள் கிடைத்தார், பரிசிலர். ஆற்றில் மிதக்கும் பரிசிலுக்கு அப்படி ஒரு பெயர் ஏட்டில் ஏறவில்லை. அன்று கொடை கேட்டு வந்தவரின் வாழ்க்கை பரிசில் வாழ்க்கை. இன்று அதே தகடூர் நாட்டில் ஊட்டமலையிலும் நாகமரையிலும் இருப்பவர்கள் வாழ்வதும் எழுத்துக்கு எழுத்து ஒரு பரிசில் வாழ்க்கைதான். ஒலி ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே வேர் என்று நான் சொல்லவில்லை. ஒரு பரிசிலுக்குக் கிடைத்த ஆட்பெயர் இன்னொன்றுக்கும் கிடைக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

இலக்கியத்தில் ஆறு கடத்துகிறவருக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. குகனைக் கம்பர் 'ஆயிரம் அம்பிக்கு நாயகன்' என்று அறிமுகம் செய்கிறார். அம்பி என்றால் ஓடம். எவ்வளவு பெரிய வரவேற்பு அது! கடல் பக்கம் போனால் மீகாமன், மாலுமி என்று கம்பீரமான பெயர்கள். மாலுமி அரபியில் இருந்து வந்த சொல் என்பார்கள். வந்த சொல்லுக்குக்கூட நல்ல இடம் கொடுத்திருக்கிறோம். மேட்டு நிலத்து ஆற்றுக்காரருக்குத்தான் இடம் கிடைக்கவில்லை.

செய்தித்தாள் படிக்கும்போது எனக்கு இது இன்னும் உறுத்தும். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் ஊர் தினமும் செய்தியில் வரும். கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பித் தண்ணீர் திறந்தார்கள், பிலிகுண்டுலுவில் இத்தனை கனஅடி, நீர்வரத்து அதிகரிப்பு என்று போட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி: 'அருவியில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை.' அந்த வாக்கியத்தை ஒரு தமிழாசிரியையாகப் பார்த்தால் அதில் எழுவாயே இல்லை. பரிசல் இருக்கிறது, இயக்குவது இருக்கிறது, தடை இருக்கிறது. இயக்குகிறவர் எங்கே? தடை தேவைதான். வெள்ளத்தில் பரிசலை இறக்கக் கூடாது என்பதை எந்தப் பரிசல்காரரும் மறுக்க மாட்டார். ஆனால் தடை ஒரு வாரம் நீண்டால் எங்கள் வீட்டில் கடைக் கணக்கு ஏறும். அம்மா அரிசிப் பானையைப் பார்த்துப் பார்த்து அளந்து போடுவார். அந்த வாரம் முழுக்கச் செய்தியில் பரிசல் வரும், அப்பா வர மாட்டார்.

நேரில் வருகிறவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஏ பரிசல்! பரிசல் வருமா?" என்பார்கள். வண்டியின் பெயராலேயே ஆளைக் கூப்பிடும் வழக்கம் ஆட்டோக்காரருக்கும் இருக்கிறது, தெரியும். சிலர் "பரிசல்கார அண்ணா" என்பார்கள். அப்படிக் கூப்பிட்டவர்களைப் பற்றி அப்பா ராத்திரி சாப்பிடும்போது சொல்லுவார். எங்கிருந்து வந்தார்கள், எத்தனை பேர், குழந்தை பயந்து அழுதது எல்லாம் நினைவில் இருக்கும். அண்ணா என்ற ஒரு சொல்லுக்கு அவ்வளவு செய்தி வீட்டுக்கு வரும்.

சரி, அரசுத் தாள்களுக்கு வருகிறேன். நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடம் வந்தது. அப்பா, "பரிசல் ஓட்டறேங்க" என்றார். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி ஒரு நிமிடம் யோசித்துவிட்டு 'கூலி' என்று எழுதினார். கெட்ட மனிதர் இல்லை. என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில், பேருந்தில், "கூலின்னா அடுத்தவங்க சொல்ற வேலைய செய்யறது. ஆத்துல எனக்கு யாரு சொல்லப்போறாங்க?" என்றார். எந்தச் சுழியை ஒட்டிப் போகலாம், எந்தப் பாறை இன்றைக்குத் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறது, எந்த மடுவுக்கு மேல் துடுப்பை நிறுத்தக் கூடாது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அந்த அறிவுக்கு அன்று கிடைத்த பெயர் கூலி. கூலி வேலை இழிவு என்று நான் சொல்லவில்லை. அவர் வேலை அது இல்லை என்பதுதான் குறை. அகராதியில் ஒரு தலைச்சொல் இருந்திருந்தால், பாடநூலில் ஒரு படத்துக்குக் கீழே அந்தச் சொல் இருந்திருந்தால், பேனா பிடித்தவர் பள்ளியில் அதைப் படித்திருப்பார். யோசிக்காமல் எழுதியிருப்பார்.

எங்கள் வழக்கில் உள்ள சொற்களைச் சொல்லிவிடுகிறேன். பரிசல்காரர், பரிசல் ஓட்டி என்று இரண்டும் உண்டு, இரண்டும் ஒன்றில்லை. பரிசல் ஓட்டி என்பது எழுத்தில் வரும். செய்தியில், மனுக்களில் 'பரிசல் ஓட்டிகள்' என்று பன்மையில் வரும். துடுப்பு யார் கையில் இருக்கிறதோ அவரை மட்டும்தான் அது குறிக்கும். பரிசல்காரர் பேச்சுச் சொல். சொந்தமாகப் பரிசல் வைத்திருப்பவரும் பரிசல்காரர்தான், ஓட்டுகிறவரும் பரிசல்காரர்தான். வண்டிக்காரர் என்பது போல. 'காரர்' என்று முடிவதால் கொச்சை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஓடக்காரன், தோணிக்காரன் என்று அகராதிகளில் ஏறியவர்களும் அதே விகுதியோடுதான் ஏறினார்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: எங்கள் சொல்லை ஏற்றும்போது 'காரன்' என்று போடாமல் 'காரர்' என்று போடுங்கள்.

துறை என்ற சொல் இங்கே வாழ்கிற மாதிரி வேறெங்கும் வாழ்கிறதா தெரியாது. சின்னாறு பரிசல் துறை, கோத்திக்கல் பரிசல் துறை என்று இடத்துக்கு ஒரு துறை. அவற்றில் எனக்கு மிகப் பிடித்த பெயர் மாமரத்துக்கடவு. கடவு என்றால் கடக்கும் இடம். வெளிநாடு போகிறவர்கள் கையில் வைத்திருக்கும் கடவுச்சீட்டில் இருக்கிறதே, அதே கடவு. நகரத்தில் அந்தச் சொல்லை அலுவலக மொழியாகப் புதிதாகச் செய்து கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆற்றங்கரையில் ஒரு மாமரத்தின் பெயரோடு சேர்ந்து அது முன்பிருந்தே இருக்கிறது.

இது மூன்று மொழி கலந்து புழங்கும் வட்டாரம். அக்கரைக்குப் போனால் கன்னடம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழி. பரிசலைக் கன்னடத்தில் ஹரிகோலு என்பார்கள், தெப்ப என்றும் சொல்வார்கள். தெலுங்கில் புட்டி. தமிழில் பகரத்தில் தொடங்கும் சொல் கன்னடத்தில் ஹகரமாவது உங்களுக்குத் தெரிந்ததே: பால், ஹாலு, பல், ஹல்லு, புலி, ஹுலி. எங்கள் ஊர்ப் பெயரே அதற்குச் சாட்சி. நம் புகை அவர்களுக்கு ஹொகெ. புகையும் கல் ஹொகேனகல் ஆகி, நம் வாயில் ஒகேனக்கல் ஆனது. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் பரிசலும் ஹரிகோலும் உறவுக்காரர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. வேரை ஆராய்ந்து எழுதுவது உங்கள் வேலை. பரிசல் என்ற தலைச்சொல்லுக்குக் கீழே இந்த இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்துப் போட்டால், ஆற்றின் இரண்டு கரையும் ஒரே பதிவில் வந்துவிடும்.

என் கோரிக்கை சிறியது. தலைச்சொல் எப்படி இருக்கலாம் என்று ஒரு மாதிரி எழுதிப் பார்த்தேன். நீங்கள் திருத்திக்கொள்ளலாம்.

பரிசல்காரர்: ஆற்றிலும் நீர்த்தேக்கத்திலும் பரிசலைத் துடுப்பால் செலுத்தி ஆட்களையும் பொருள்களையும் கொண்டு சேர்ப்பவர், பரிசல் உடையவர். 'தண்ணீர் ஏறுகிறது என்று பரிசல்காரர் எங்களைத் துறையிலேயே நிறுத்திவிட்டார்.'

எடுத்துக்காட்டு வாக்கியத்தை வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன். அதில் முடிவு எடுப்பவர் அவர். பொருள் விளக்கத்தில் 'படகோட்டி' என்று மட்டும் போட்டு முடித்துவிடாதீர்கள். பாடநூல் எழுதுகிறவர்கள், தொழில்களையும் தொழில் செய்பவர்களையும் பொருத்தும் பயிற்சியில் குயவர், தச்சர், நெசவாளர், மீனவர் என்று போடும் இடத்தில் இவருக்கும் ஒரு வரி கொடுங்கள். ஒகேனக்கல் படம் அச்சிடும்போது படக்குறிப்பில் அருவியோடு நிறுத்தாமல் ஆளின் பெயரையும் எழுதுங்கள்.

இதில் அவசரம் உண்டு. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடித்த பிறகு காவிரியின் இந்தப் பகுதி ஏரி போல விரிந்து, அக்கம்பக்கத்து ஊர்கள் எதிரெதிர்க் கரைகளாகின. நாகமரையில் இருந்து பண்ணவாடிக்கும், ஒட்டனூரில் இருந்து கோட்டையூருக்கும் மக்கள் தண்ணீர் வழியாகவே போய்வந்தார்கள். சாலையில் சுற்றிப் போனால் பல மைல். பரிசல் இருந்த இடத்தில் விசைப்படகு வந்தது. பாலம் வேண்டும் என்பது இரு கரை மக்களின் நெடுநாள் கோரிக்கை. வரட்டும், பிரசவத்துக்குத் துடிக்கும் பெண் காற்றையும் அலையையும் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். ஆனால் கடத்துவது நின்றால் கடத்துகிறவர்களின் சொற்களும் நின்றுவிடும். என் வகுப்பில் பரிசல்காரர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரியவனானால் என்ன ஆவாய் என்று கேட்டால் யாரும் பரிசல் ஓட்டுவேன் என்று சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று நானும் விரும்பவில்லை. தங்கள் அப்பாவின் வேலைக்குத் தமிழில் பெயர் உண்டு, அது புத்தகத்திலும் உண்டு என்று மட்டும் தெரிந்துகொண்டு அவர்கள் வளரட்டும்.

ஒருமுறை நேரில் வாருங்கள். வெயில் காலத்தில், தண்ணீர் குறைந்து பாறைகள் வெளியே தெரியும்போது வருவது நல்லது. பரிசல்காரர்களுக்கு அப்போது பேச நேரம் இருக்கும், ஒவ்வொரு பாறையையும் கைகாட்டிப் பெயர் சொல்லுவார்கள். எழுதிக்கொள்ள ஒரு நோட்டு போதாது. என் அப்பாவும் துறைக்கு வந்துவிடுவார். தோள் வலித்தாலும் வாய்க்கு வலி இல்லை என்று சொல்லச் சொன்னார். அந்தப் பையனின் விடைத்தாள் என்னிடம்தான் இருக்கிறது. அதன் நகலை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். பையனின் பெயரை மறைத்துவிட்டேன், அவன் எழுதிய சொல்லை மறைக்கவில்லை.

இப்படிக்கு,
ஊட்டமலைப் பரிசல்காரர் ஒருவரின் மகள்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.